எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துருதேன்

ஹைதராபாத் போய்விட்டு வந்தேன் என்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, சார்மினார் பார்த்தாயா என்பது. பார்த்தேன். ஆட்டோவுக்குள் இருந்தபடி, ஒரு கொய்யாப்பழ வண்டிக்கும் ஒரு செருப்புக் கடைக்கும் நடுவில், ஒரு தூணும் பாதி மாடமும் தெரிந்தன. அதற்கு மேல் பார்க்க நேரம் இல்லை. ஆனால் அந்த ஊரில் எந்தப் பட்டுக்கடையின் எந்த மாடியில் பாத்ரூம் சுத்தமாக இருக்கும், எந்த நகைக்கடைக் காவலாளி கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார் என்று கேளுங்கள். படம் வரைந்தே காட்டுவேன்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. மகள் நித்யாவின் கல்யாணத்துக்கு என் தோழி பகவதியை நேரில் அழைக்கப் போனேன். மற்ற வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பியாகிவிட்டது. பகவதிக்கு மட்டும் வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்து, "வருவேன்" என்று அவள் வாயிலிருந்து வாங்காமல் பாளையங்கோட்டைக்குத் திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

காரணம் உண்டு. மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். ஒருத்தி புருஷனை இன்னொருத்தி அத்தான் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று, புருஷன்மார் யாரென்றே தெரியாத வயதில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள். என் வீட்டுக்காரர் தவறியபோது அவள் வரவில்லை. காரியத்துக்கும் வரவில்லை. போனில் அழுதுவிட்டு, "முட்டுவலிட்டி கோமு, நடக்க முடியல" என்றாள். அவள் இருப்பது லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்றாவது மாடி. தினமும் ஏறி இறங்குகிற முட்டுக்கு ரயில் மட்டும் ஆகாதா? அந்தக் கோபம் எனக்குள் அப்படியே கிடந்தது. இந்தக் கல்யாணத்துக்கும் வராவிட்டால் பகவதி என்று எனக்கு ஒருத்தி இல்லை என்று முடிவு கட்டித்தான் ரயில் ஏறினேன்.

செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை. அவள் வீட்டுக்காரர் துரைப்பாண்டி அத்தான்தான் வந்திருந்தார். கன்டோன்மென்டில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அங்கேயே ஊறிப்போனதால் அவருடைய திருநெல்வேலித் தமிழுக்குள் உருது தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

"பகவதி எங்க அத்தான்?"

"வீட்டுல இருக்கா. அவ இப்பல்லாம் எங்கயும் வரமாட்டா. நான் கூப்பிட்டுப் பாத்தேன். நக்கோன்னுட்டா. அவ நக்கோன்னா நக்கோதான்."

வேண்டாம் என்பதற்கு இவ்வளவு அழகான வார்த்தை இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. நித்யாவின் மாமியார் வீட்டாரிடம் பேசுகையில் எத்தனையோ இடத்தில் பயன்பட்டிருக்கும்.

ஆட்டோ திருமுல்கேரி தாண்டும்போது நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக் குலுக்கினார். நாங்கள் உள்ளே இருக்கும்போதேதான். அத்தான் அசையவில்லை. "கேஸ் அடியில நிக்கி, குலுக்குனா வரும்" என்றார். வந்தது. அவர்கள் வீடு இருக்கிற அல்வால் வரைக்கும் அந்தக் குலுக்கலிலேயே போனோம்.

பகவதி வாசலிலேயே கட்டிப்பிடித்தாள். ஆள் இளைக்கவில்லை, பழைய சிரிப்புதான். சொதி வைத்திருந்தாள். ஹைதராபாத் தேங்காய்க்கும் திருநெல்வேலிச் சொதி வரும் என்பதை அன்று ஒத்துக்கொண்டேன். இஞ்சித் துவையல் மட்டும் ஆந்திரா பக்கம் சாய்ந்து காதில் புகை கிளப்பியது. ஆனால் அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. இலை போடுமுன் ஒரு தடவை, சோறு வைத்தபின் ஒரு தடவை, "எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துருதேன்" என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். மனசுக்குள் வசனமெல்லாம் தயாராக இருந்தது.

"செத்த இருட்டி. எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துருதேன்."

தாம்பாளத்தை ஏந்தியபடி நான் சாமி சிலையாக நின்றேன். அத்தான் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள், பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நித்யா பெயரைத் தடவிப் பார்த்தாள். "பாப்போம்ட்டி" என்றாள். இந்தப் பாப்போமை நம்பி நான் ஏற்கெனவே ஏமாந்திருக்கிறேன்.

மறுநாள் சார்மினார் பக்கத்து லாட் பஜாரில் நித்யாவுக்குக் கல் வளையல் வாங்கக் கூப்பிட்டேன். சாக்குகள் வந்தன. வெயில், கூட்டம், அவர் தனியாகச் சாப்பிட மாட்டார். "நித்யாவுக்கு வளையல் வாங்க அவ சித்தி வர மாட்டாளா?" என்று போட்டதும் அடங்கினாள். காலையில் இருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. காபி மட்டும் இரண்டு தடவை, டம்ளர் நிறைய.

பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். நம் ஊரிலும் இலவசம்தானே என்று மிதப்பாக ஆதாரை நீட்டினேன். கண்டக்டர் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னாள். "தமிழ்நாடு ஆதாருக்கு இங்க டிக்கெட் உண்டாம்" என்று பகவதி மொழிபெயர்த்தாள். பஸ் முழுவதும் நான் ஒருத்திதான் காசு கொடுத்த பெண்பிள்ளை. கொஞ்சம் கௌரவமாகத்தான் இருந்தது.

செகந்திராபாத்தில் இறங்கியதும் பட்டுக்கடைக்குள் நுழைந்தாள். பட்டு பார்க்கவில்லை. நேரே மேலே போனாள், வந்தாள், கீழே ஒரு கைக்குட்டை வாங்கினாள். அடுத்தது நகைக்கடை. அங்கே உட்காரவைத்துப் பாதாம் பால் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் மரியாதை இல்லை என்று குடித்தோம். ஒரு மூக்குத்தியை வாங்குகிற மாதிரியே பார்த்தாள், நடுவில் எழுந்து போய் வந்தாள், டிசைன் சரியில்லை என்று கிளம்பினாள். பிறகு ஒரு இரானி டீக்கடை. பாலே தனியாகக் கொதித்துச் சுண்டுமாம், டிகாஷன் தனியாகக் கொதிக்குமாம். உஸ்மானியா பிஸ்கட்டை அதில் முக்கிச் சாப்பிட்டதும் நம் ஊர் டீக்கடைகளின் மேல் எனக்கு லேசாக மரியாதை குறைந்தது. அங்கேயும் அவள் பின்பக்கம் போனாள். எங்கே போனாலும் சும்மா நுழையக் கூச்சப்பட்டு எதையாவது வாங்கினாள், அல்லது குடித்தாள். குடித்தது அடுத்த கடைக்கு அனுப்பியது.

கடைசியாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி. "தெரிஞ்சவுக படுத்திருக்காவ" என்றாள். என்னைத் தரைத்தளத்தில் உட்காரவைத்துவிட்டு, கவுண்டரில் நோயாளியின் பெயரைக்கூட விசாரிக்காமல் உள்ளே போய், சட்டென்று திரும்பி வந்தாள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ பிடித்தோம். பழைய நகரத்துக்குள் நுழைந்ததும் நெரிசல் இறுகிவிட்டது. முன்னால் கல்யாண ஊர்வலம், பின்னால் தண்ணீர் லாரி. சார்மினார் கண்ணில் பட்ட நேரத்தில் பகவதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது. முகம் வெளுத்து, உதட்டுக்கு மேல் வேர்த்திருந்தது.

"திருப்பச் சொல்லுட்டி. இங்ஙன எனக்கு இடம் தெரியாது."

"என்ன இடம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த இந்தியில் டிரைவரிடம், அம்மாவுக்கு அவசரம், பாத்ரூம் வேண்டும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். ஆள் நுழைய முடியாத சந்தில் ஆட்டோவை நுழைத்து, ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, "ஆபா!" என்று கத்தினார். அவருடைய அக்கா வீடு. கையெல்லாம் மாவோடு ஒரு அம்மாள் திரையை விலக்கினாள். தம்பி இரண்டு வார்த்தை சொன்னதும் பகவதியின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "இதுக்குப் போய் என்ன கூச்சம், உள்ளே வா தங்கச்சி" என்பது அவள் சொன்னதன் தமிழ்.

வெளியே வந்ததும் இருவருக்கும் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்தேன். பகவதி கையெடுத்துக் கும்பிட்டு, "நக்கோ, ஆபா, நக்கோ" என்றாள். நாக்கு ஒட்டுகிற வெயில் அது. தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிற மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

வளையலை மறந்து ஆட்டோவிலேயே திரும்பினோம். வழியில் அவளே சொன்னாள்.

"முட்டுவலில்லாம் இல்லட்டி. இதான். முக்கா மணிக்கு ஒருதரம் போவணும். ரயில்ல போற நேரத்துல எவனாவது உள்ள பூட்டிக்கிட்டு இருந்தான்னா? கார்ல வந்தா நிறுத்து நிறுத்துன்னு எத்தன தடவ சொல்லுவேன்? அப்படியே வந்து சேந்தாலும், அத்தானக் கெடத்தியிருக்க வீட்டுல நுழஞ்சு, மொத வார்த்தையா பாத்ரூம் எங்கன்னு கேக்கச் சொல்லுதியா?"

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். கோபப்பட்டுக்கொண்டே இருக்கலாம் என்றுதான் வந்திருந்தேன், அது நழுவிப் போய்விட்டது. பாவம், இத்தனை காலம் இதை ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாளே என்று இருந்தது. அழுதுகொண்டேதான் திட்டினேன்.

"கோட்டிக்காரி! டாக்டர்ட்ட காட்டுனியா?"

"வயசுக் கோளாறுன்னு அவுக சொல்லுதாவ, அதுக்கு என்னத்தக் காட்ட? உடம்பு சூடும்பாவ. இல்லன்னா சுகரா இருக்கும். வேற எதுவும் பெருசா சொல்லிட்டாவன்னா? பயமா இருக்குட்டி."

"நாளைக்குப் போறோம். நீ வரல, உன் தாம்பாளத்தத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன்."

திருமுல்கேரியில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் தெலுங்குக்காரப் பெண்மணி, எங்களைவிட இளையவர், தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். பேசியதைத் தமிழில் தருகிறேன். முதலில் அவர் பயமுறுத்தவில்லை, கேள்விதான் கேட்டார். போகும்போது எரிச்சல் உண்டா? ரத்தம்? நடுக்கத்தோடு காய்ச்சல்? விலாவில் வலி? அடங்காத தாகமும் உடம்பு மெலிவதும் உண்டா? இருமினால், சிரித்தால் கசிகிறதா? தூக்கத்தில் எழுப்புகிறதா? மலச்சிக்கல்? பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதில் சில, நீரைப் பிரித்து வெளியேற்றுமாம். பகவதி எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். பரிசோதித்தார். சிறுநீர், ரத்தச் சர்க்கரை, ஒரு ஸ்கேன் எழுதினார். போய்விட்டு வந்தபிறகும் சிறுநீர்ப் பைக்குள் மீதி தங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

ரிப்போர்ட் சாயங்காலம் வந்தது. கிருமி இல்லை, சர்க்கரை இல்லை, கல் இல்லை, தங்கவும் இல்லை. பகவதி முகத்தில் ரத்தம் திரும்பியது. டாக்டர் மட்டும் பேனாவை மூடவில்லை.

"வேலைக்குப் போனீர்களா அம்மா? என்ன வேலை?"

பகவதி முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மத்திய அரசு தொழிற்சாலையில் நுட்பமான கருவிகள் பூட்டுகிற வேலை பார்த்தவள். தூசியே கூடாத ஹால். வெள்ளை அங்கி, தொப்பி, காலுறை எல்லாம் மாட்டி, காற்று ஊதுகிற கூண்டில் நின்று தூசி உதறித்தான் உள்ளே போக வேண்டும். நடுவில் வெளியே வந்தால் அத்தனையும் கழற்ற வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும், சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் அந்த ஹால் பெண்கள் அத்தனை பேரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. உள்ளே போகுமுன், வருகிறதோ இல்லையோ, வரிசையில் நின்று எதுக்கும் ஒரு தடவை போய்விட்டு வருவது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் மறுபடி வரிசை.

"ரிட்டையர் ஆனபிறகும் அங்கியை மட்டும்தான் கழற்றியிருக்கிறீர்கள்" என்றார் டாக்டர். "பைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் சேர்ந்ததுமே வெளியேற்ற நீங்களே அதற்குப் பழக்கிவிட்டீர்கள். நிறைவதற்கு முன்பே மணி அடிக்கிறது. தண்ணீரைக் குறைத்தால் குறையும் என்று நினைக்கிறீர்கள். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும். காபி அதற்கு மேல் சேர்கிறது."

மருந்து எழுதவில்லை. பழக்கத்தை மாற்றச் சொன்னார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகல் முழுவதும் குடிப்பது, படுக்கப்போகிற நேரத்தில் குறைப்பது. காபி, டீயைக் குறைப்பது. எதுக்கும் ஒரு தடவை என்பதை விடுவது. உணர்வு வந்ததும் ஓடாமல் உட்கார்ந்து சிறுநீரை அடக்குகிற தசையை இறுக்கிப் பிடித்து, அந்த அலை இறங்கியபின் மெதுவாக எழுந்து போவது, வாராவாரம் இடைவெளியைச் சற்று நீட்டுவது. சில வாரம் ஆகும், பலன் இல்லாவிட்டால் மருந்து இருக்கிறது, மறுபடி வாருங்கள் என்றார். பிறகு விரலை ஆட்டிச் சொன்னார்: "ஆனால் ரத்தம் கண்டாலோ, காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் போகமுடியாமல் நின்றுவிட்டாலோ, திடீரென்று கட்டுப்பாடு போய்க் கால் மரத்தாலோ வீட்டில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்காதீர்கள். அன்றைக்கே கிளம்புங்கள்."

"நான்லாம் பாளையங்கோட்டையில இருந்து மெட்ராஸ் வரைக்கும் அடக்கிருவேன் டாக்டர்" என்றேன், என் தோழிக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று. அதுவும் தப்பு என்று எனக்கும் ஒரு திட்டு விழுந்தது. எங்களோடு வந்து ஓரமாக நின்ற அத்தான் அதை ரசித்துச் சிரித்தார். டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்களுக்கு? ஆரம்பிக்க நேரமாகிறதா? விட்டு விட்டு வருகிறதா?"

அத்தான் கூரையைப் பார்த்தார். காற்றாடியைப் பார்த்தார். "ஹவ்" என்றார், ஆமாம் என்பதைப் பூனை மாதிரிக் குரலில். ஆண்களுக்கு இந்த வயதில் புராஸ்டேட் வீங்கும், அதையும் பார்த்துவிடலாம் என்று அவருக்கும் ஒரு சீட்டு எழுதினார். படி இறங்கும்போது பகவதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு வயசுன்னு சொன்னியளே, இப்ப ஒங்களுக்கு என்னவாம்?"

மீதி நாட்களில் நான் ஊர் பார்க்கவில்லை, பகவதியைப் பார்த்துக்கொண்டேன். அவள் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் ஹாஸ்டல் கதையை எடுத்து விடுவேன். வார்டன் சாம்பாரில் கரண்டியைத் தொலைத்த கதை, நாங்கள் சுவரேறிப் போய் மாட்டிக்கொண்ட கதை. காலைப் பின்னிக்கொண்டு, "சிரிக்க வைக்காத மூதி, கத போதும்" என்று கெஞ்சுவாள். அலை இறங்கும். ராணி மாதிரி நடந்து போவாள். ஒரு நாள் மத்தியானம் அத்தான் வாங்கிவந்த பிரியாணியை, நடுவில் எழுந்திருக்காமல் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிரியாணி நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்புகிற அன்று ஸ்டேஷனுக்கு வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். பிளாட்பாரத்தில் நின்று, எனக்குக் காட்டிக் காட்டிக் குடித்தாள். வருவேன் என்று அப்போதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் போன். "இன்னிக்கு ஒரு சீரியல் முழுசாப் பாத்தேன்." "இன்னிக்குக் கோயில் போயிட்டு ஒரு கடையிலயும் நுழையாம வந்தேன்." இடையில் ஒரு வாரம் தலைகீழாகி, "எல்லாம் போச்சுட்டி" என்று அழுதாள். அப்படித்தான் இருக்கும், விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். லாட் பஜார் வளையலும் கூரியரில் வந்தது. தனியாகவா போய் வந்தாய் என்று கேட்டால், ஆபா வீட்டில் டீ குடித்துவிட்டு வந்தேன் என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. மண்டபத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். வாசலில் ஆட்டோ நின்றது. அத்தான் பெட்டியோடு இறங்கினார், பின்னால் பகவதி. ரயிலில் கசங்கிய புடவை, கையில் காலியான பாட்டில். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். என்னை விலக்கிவிட்டு நேரே முன்னறைக்குப் போய், என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"அத்தான், வாரதுக்கு ரொம்ப நாளாயிட்டு. கோவிச்சுக்கிடாதிய."

கையெடுத்துக் கும்பிட்டாள். சமையல்காரர்களும் சம்பந்தி வீட்டு ஆட்களும் வாசல் நிறைய நின்றார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"ஏட்டி கோமு, பாத்ரூம் எங்ஙன இருக்கு?"